நாற்பத்தொரு பிடி

எங்கள் ஆராய்ச்சிக்கூடத்தில் அவருக்குப் பட்டப்பெயர் பிரம்மா. கம்ப்யூட்டருக்குள் உயிர்களைப் படைக்கிறவருக்கு வேறு என்ன பெயர் வைப்பது? நேரில் சார் என்போம், முதுகுக்குப் பின்னால் பிரம்மா. அது அவர் காதுக்கும் போயிருந்தது. உள்ளூர அவருக்குப் பிடித்தும் இருந்தது என்று நினைக்கிறேன்.

அவர் எனக்கு வைத்த பட்டப்பெயர் அரைவேக்காடு. அதை அவர் முதுகுக்குப் பின்னால் சொல்லவில்லை. பதினாறு பேர் உட்கார்ந்திருந்த அறையில், என் முகத்துக்கு நேரே சொன்னார். அன்றைக்கு நான் செய்த குற்றம் ஒரு கேள்வி கேட்டதுதான்.

கேள்வி புரிய வேண்டுமானால் குளத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். குளம் என்றால் தண்ணீர் கிடையாது. ஒரு கம்ப்யூட்டர், ஒரு திரை, திரை நிறையப் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் ஒரு சின்ன புரோகிராம். அது நகரும், தீனி தேடும், வயிறு நிறைந்தால் தன்னைப் போலவே இன்னொன்றைப் பிரதி எடுக்கும், பட்டினி கிடந்தால் சாகும். பிரதி எடுக்கும்போது சின்னச் சின்னத் தவறுகள் வரும். அந்தத் தவறுகளில் பிழைக்க உதவுவது நிற்கும், மற்றது அழியும். நாங்கள் அவற்றைப் புழு என்போம். நன்றாகத் தின்ற புழு பச்சையாகத் தெரியும், பசியில் கிடப்பது மஞ்சள், சாகப்போவது சிவப்பு. இவ்வளவுதான் பிரம்மாவின் உலகம். இதற்கு ஒரே ஒரு சட்டம்: யாரும் கை வைக்கக் கூடாது. ஓட விட்ட நாளிலிருந்து மனிதக் கை படாமல் என்னென்ன பிறக்கிறது என்று பார்ப்பதுதான் ஆராய்ச்சியே.

புழுவின் வயிறு என்பது ஓர் எண். இருநூற்று ஐம்பத்தைந்துக்கு மேல் அந்தக் கட்டத்தில் நிற்காது. வயிற்றுக் கட்டத்துக்கு ஒட்டினாற்போல் அடுத்த கட்டத்தில்தான் புழுவின் மூளை, அதாவது அது என்ன செய்ய வேண்டும் என்ற கட்டளைகள். இடத்தை மிச்சம் பிடிக்க இரண்டுக்கும் நடுவில் சுவர் வைக்காமல் விட்டிருந்தார் பிரம்மா. வயிறு வழிந்தால் அது மூளைக்குள் போகாதா சார் என்று கேட்டேன். அவ்வளவுதான் கேள்வி.

குளத்தில் எந்தப் புழுவுக்கும் அவ்வளவு தீனி கிடைக்காது, கணக்குப் போடத் தெரியாத அரைவேக்காடுகளை வைத்துக்கொண்டு நான் மாரடிக்க வேண்டியிருக்கிறது என்றார். பதினாறு பேரும் சிரித்தார்கள். நான் விடாமல் மறுநாள் அதையே எழுதிக் கொடுத்தேன். மூன்றாம் நாள் என் மேஜையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார். மூன்று வருட உழைப்புக்கு ஒரு காகிதம்கூட இல்லாமல் வெளியே வந்தேன். எனக்கு நல்ல ஞாபகசக்தி. அந்தச் சிரிப்பில் எது யாருடையது என்றுகூட இப்போதும் பிரித்துச் சொல்வேன்.

அந்த மூன்று வருடத்தில் என்னை மனுஷியாக நடத்தியவர் அவர் மனைவி ஒருவர்தான். குளம் அப்போது அவர் வீட்டில், சமையலறைக்குப் பக்கத்து அறையில் ஓடிக்கொண்டிருந்தது. மாணவர்கள் முறை போட்டுக்கொண்டு போய்ப் பார்த்துக் குறிப்பு எடுப்போம். முதல் நாள் நான் அம்மா என்று கூப்பிட்டதும், அம்மான்னா திட்ட வேண்டியிருக்கும், அத்தைன்னு கூப்பிடு, சாப்பாடு போட்டா போதும் என்று சிரித்தார். அன்றிலிருந்து அத்தை. அவர் பரிமாறுவதற்கு ஒரு முறை உண்டு. எப்போதும் மூன்று கரண்டி. முதல் கரண்டி பசிக்கு, ரெண்டாவது ருசிக்கு, மூணாவது எனக்காக என்று சொல்லிக்கொண்டே வைப்பார். தட்டு காலியானால் மறுபடி மூன்று. கையை வைத்து மறைத்தாலும் விரலிடுக்கில் ஊற்றிவிடுவார். போதும் என்று கெஞ்சினால்தான் விடுவார். அவர்களுக்குக் குழந்தை இல்லை. பிரம்மாவுக்குப் பேசப் பொழுதில்லை. வீட்டுக்கு வருகிறவர்கள் வயிற்றில்தான் அத்தை தன் பிரியத்தை இறக்கி வைக்க வேண்டியிருந்தது.

நான் வெளியேறி ஒரு வருடத்துக்குள் பிரம்மா எங்கேயோ உயரத்துக்குப் போய்விட்டார். குளத்தில் ஓர் அதிசயம் நடந்ததாக எழுதினார். வயிறு நிறைந்த புழுக்கள் மிச்சத் தீனியைப் பக்கத்தில் சாகக் கிடக்கிற புழுவின் முன்னால் வைத்துவிட்டுப் போகின்றன. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, யாரும் கை வைக்கவில்லை. வெறும் கணக்கிலிருந்து கருணை தானாகப் பிறந்துவிட்டது. உலகம் வாயைப் பிளந்தது. நான் அதைப் படித்த அன்று சாப்பிடவில்லை. வயிற்றெரிச்சல் என்று நீங்கள் சொன்னால் ஆமாம் என்பேன்.

பதினோரு வருடம் போயிற்று. பிரம்மாவுக்கு ஓய்வு வயது வந்தது. குளத்தை ஒரு தனிக் கட்டடத்தில் அவர் பெயரிலேயே காலாகாலத்துக்கும் ஓட விடுவது என்று நிறுவனம் முடிவு செய்தது. அதற்கு முன் வெளியாள் ஒருவர் எல்லாவற்றையும் சரிபார்த்துச் சான்று தர வேண்டும். நான் இப்போது அந்த மாதிரிச் சரிபார்ப்பு வேலையில்தான் இருக்கிறேன். என் மேஜைக்கு அந்தக் கோப்பு வந்தபோது, இவர் என் பழைய ஆசிரியர், எங்களுக்குள் ஆகாது, வேறு ஆளிடம் கொடுங்கள் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். முறை அதுதான். சொல்லவில்லை. கோப்பை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.

கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு தேடினேன். ஐந்தாவது வாரம் கிடைத்தது. குளம் ஓடும் மெஷின் தன்னிடம் அழுத்தப்பட்ட ஒவ்வொரு கீயையும் தானாகவே ஒரு மூலையில் குறித்துவைக்கும். யாரும் தொடவில்லை என்று பிரம்மாவே சத்தியம் செய்திருந்ததால் அந்தக் குறிப்பை இத்தனை வருடமாக யாரும் திறந்தே பார்க்கவில்லை. திறந்தேன். குளத்தை ஓட விட்ட நாளிலிருந்து ஒரே ஒரு பிற்பகல் மட்டும் காலியாக இல்லை. முதன்முதலில் சோதித்துப் பார்ப்பதற்காக ஒரு கீயில் புழுவுக்குத் தீனி போடும் கட்டளையை வைத்திருந்தார் பிரம்மா, பிறகு எடுக்க மறந்துவிட்டார். அந்தக் கீயை யாரோ ஒரே புழுவுக்கு நாற்பத்தொரு தடவை அழுத்தியிருந்தார்கள். ஒரு தடவைக்குப் பத்து. நானூற்றுப் பத்து. வயிறு வழிந்து மூளைக்குள் போய்விட்டது. நான் எழுதிக் கொடுத்தபடியே.

வழிந்த எண் அங்கே ஒரு கட்டளையாக விழுந்திருந்தது: நிறைந்தால் மிச்சத்தைப் பக்கத்தில் போடு. அந்தப் புழு பிரதி எடுத்தது, பிரதிகள் பிரதி எடுத்தன. உலகம் கொண்டாடிய கருணைக்கு அதுதான் பிறப்புச் சான்றிதழ். நான் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து சத்தமாகச் சிரித்தேன்.

பிறகு நேரக் குறிப்பைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. மூன்று தடவை, ஒரு சின்ன இடைவெளி. மறுபடி மூன்று, இடைவெளி. இப்படிப் பதின்மூன்று முறை, கடைசியில் மட்டும் இரண்டு. யார் என்று நான் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

நான் அறிக்கை வைக்க வேண்டிய கூட்டத்துக்கு முந்தின நாள் மதியம், பிரம்மா இல்லாத நேரமாகப் பார்த்து வீட்டுக்குப் போனேன். அத்தைக்கு முடி நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் பதினோரு வருடத்தைப் பற்றி ஒன்றும் கேட்காமல் தட்டை எடுத்து வைத்தார். மூன்று, மூன்று, மூன்று. சாப்பிட்டு முடித்த பிறகு அந்தப் பிற்பகலின் தேதியைச் சொன்னேன். கரண்டியைப் பாத்திரத்திலேயே விட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்துவிட்டார்.

அன்று பிரம்மா ஒன்பது நாள் பயணமாக வெளியூர் போயிருந்தாராம். மெஷினில் காற்றாடி சுற்றுகிறதா என்று மட்டும் தினமும் பார், கையைக் கட்டிக்கொண்டு பார் என்று சொல்லிவிட்டுப் போனாராம். இவர் கையைக் கட்டிக்கொண்டுதான் பார்த்திருக்கிறார், ஆறு நாள் வரை. ஏழாம் நாள் ஒரு மூலையில் ஒரு சிவப்புப் புள்ளி. அது தீனி இருக்கும் பக்கம் நகரப் பார்க்கிறது, முடியவில்லை. எந்தக் கீ என்று பழைய நாட்களில் கணவர் அழுத்தியதைப் பார்த்தது ஞாபகம் இருந்தது. கடைசி இரண்டோடு ஏன் நின்றது என்று கேட்டேன். வாசலில் யாரோ மணியடித்தார்களாம். திரும்பி வந்தபோது பச்சைப் புள்ளிகளுக்கு நடுவில் அது எது என்று கண்டுபிடிக்க முடியவில்லையாம்.

“மெஷின் தப்புன்னு எழுதிடு,” என்றார் அத்தை. “நீ அன்னிக்குக் கேட்டதுதான் சரின்னு எழுது. தோத்துட்டா அவர் தாங்கிப்பார். என்னாலன்னு மட்டும் தெரியக் கூடாது. நாப்பது வருஷத்துல நான் கொடுத்து அவர் குறை சொல்லாம வாங்கிக்கிட்டது சாப்பாடு ஒண்ணுதான். தெரிஞ்சா அதையும் வாங்க மாட்டார்.”

அவர் கையைப் பிடித்துக்கொண்டு, உங்கள் பேர் வராது அத்தை என்றேன். மனப்பூர்வமாகத்தான் சொன்னேன். எனக்கு அவர் பேர் தேவையும் இல்லை. சுவர் இல்லாத வயிறு என்பதே பிரம்மாவைக் கவிழ்க்கப் போதும். யாரோ தொட்டிருக்கிறார்கள், யார் என்று தெரியவில்லை என்று எழுதினால் முடிந்தது.

கூட்டத்தைக் கிட்டத்தட்ட பாராட்டு விழா மாதிரியே ஏற்பாடு செய்திருந்தார்கள். நீள மேஜை, தண்ணீர்க் குவளைகள், நிறுவனத் தலைவி நடுவில். அந்தப் பதினாறு பேரில் ஏழெட்டுப் பேர் வந்திருந்தார்கள், தொப்பையும் பதவியுமாக. கடைசி வரிசையில் அத்தை, மடியில் கணவரின் பை. அதில் அவருக்கு மாத்திரையும் தண்ணீரும் இருக்கும்.

நான் ஒவ்வொன்றாகக் காட்டினேன். வயிறு, மூளை, நடுவில் இல்லாத சுவர், நாற்பத்தொரு தடவை. பிரம்மாவின் காது மடல் சிவந்ததை நான் பார்த்தேன். அதற்காகத்தான் பதினோரு வருடம் காத்திருந்தேன், ஆற அமர ரசித்துப் பார்த்தேன். யார் தொட்டது என்று தலைவி கேட்டார். தெரியவில்லை என்றேன். அத்தை மடியிலிருந்த பையின் வாரை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார்.

அங்கேயே முடிந்திருக்கும். பிரம்மா எழுந்தார்.

“தெரியாம என்ன? இவதான் தொட்டிருப்பா,” என்றார். “என் வீட்டுல தின்னுக்கிட்டே திரிஞ்சவ. வெளிய போடின்னதும் வஞ்சம் வெச்சுக் கெடுத்துட்டுப் போயிருக்கா. அரைவேக்காடுன்னு நான் அன்னிக்கே சொன்னேன்.”

இரண்டு பேர் சிரித்தார்கள். எனக்குத் தெரிந்த சிரிப்புதான், கொஞ்சம் கிழடுதட்டியிருந்தது.

அந்தத் தேதியில் நான் வேறு ஊரில் வேலைக்குச் சேர்ந்து நாலு மாதம் ஆகியிருந்தது. அதற்கான வருகைப்பதிவு என் பைக்குள்ளேயே, இரண்டாவது உறையில் இருந்தது. இப்படி ஒரு பழி வரும் என்று எதிர்பார்த்துத்தான் கொண்டுபோயிருந்தேன். எடுத்து மேஜையில் வைத்தால் அவர் வாய் அடைத்துப்போகும். ஆனால் வாயடைத்தால் மட்டும் எனக்குப் போதவில்லை. அந்த நிமிடம் அவருக்கு வலிக்க வேண்டும், இனிமேல் தினமும் வலிக்க வேண்டும் என்று இருந்தது. யாரைக் கொண்டு அவரை அடிக்கிறேன் என்று நான் பார்க்கவில்லை. பார்க்கவில்லை என்பது பொய். நேராக அத்தையின் முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னேன்.

“நான் தொடலை. உங்க வீட்டம்மா தொட்டாங்க. அவங்களையே கேளுங்க.”

தலைவி நாகரிகமான பெண். அம்மா, நீங்கள் பதில் சொல்லியே ஆக வேண்டும் என்று கட்டாயமில்லை என்றார். அத்தை பையை நாற்காலியில் வைக்கத் தோன்றாமல் அதை அணைத்துக்கொண்டே எழுந்து நின்றார். பள்ளிக்கூடத்தில் எழுப்பிவிட்ட பிள்ளை மாதிரி இருந்தது.

“ஒண்ணு சாகக் கிடந்துச்சு. போட்டேன்,” என்றார்.

நாற்பத்தொரு தடவையா என்று தலைவி கேட்டார்.

“அது போதும்னு சொல்லலையே.”

யாரும் சிரிக்கவில்லை. பிரம்மா மேஜையைச் சுற்றிக்கொண்டு, நடுவழியில் இருந்த நாற்காலிகளை ஒவ்வொன்றாக ஒதுக்கிக்கொண்டு கடைசி வரிசைக்குப் போனார். அறைந்துவிடுவாரோ என்று பயந்தேன். அவர் அப்படிப்பட்ட ஆள் இல்லை. மனைவி கையிலிருந்த பையை மெதுவாக விடுவித்து எடுத்துக்கொண்டார். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, வகுப்பில் பாடம் சொல்கிற அதே குரலில் சொன்னார்.

“நாப்பது வருஷமா ஒட்டுண்ணிகளைப் பத்திப் பாடம் நடத்தினேன். என் வீட்டுலயே ஒண்ணு உட்கார்ந்திருந்தது தெரியாமப் போச்சு.”

பையோடு வெளியே போய்விட்டார். அத்தை நின்றுகொண்டே இருந்தார். யாராவது உட்காரச் சொல்வார்கள் என்று ஒவ்வொருவரும் அடுத்தவரைப் பார்த்தோம். கடைசியில் அவராகவே நாற்காலிகளை வரிசையாகச் சரிசெய்துகொண்டே வாசல்வரை போனார்.

என் அறிக்கையை ஏற்றுக்கொண்டார்கள். பிரம்மாவின் கட்டுரைகளைத் திரும்பப் பெற்றார்கள். தனிக் கட்டடம் ரத்தாயிற்று. அந்தப் பிரிவைக் கலைக்காமல் சீரமைக்க ஓர் ஆள் வேண்டும் என்றார்கள், அது நானாகவே இருக்கலாம் என்றார்கள். இருந்தேன். முதல் வேலையே குளத்தை நிறுத்துவதுதான். அதை வீட்டிலிருந்து நிறுவனத்துக்கு வரவழைத்து, ஒரு பிரதி எடுத்து அலமாரியில் பூட்டி வைத்துவிட்டு, ஒரு திங்கட்கிழமை காலை திரை முன்னால் உட்கார்ந்தேன். மெஷின்களைப் பார்த்துக்கொள்கிறவர் பக்கத்தில் நின்றார்.

ஒரு பச்சைப் புழு ஒரு சிவப்புப் புழுவின் பக்கத்தில் போய் நின்று எதையோ வைத்துவிட்டு நகர்ந்தது. சிவப்பு மஞ்சளாயிற்று. இது பிழை, வயிறு வழிந்து மூளை கெட்டதால் வந்த வியாதி என்று நானே அறிக்கையில் எழுதியிருந்தேன். மஞ்சள் பச்சையாகிறதா என்று பார்க்கலாம் மேடம் என்றார் மெஷின்காரர். எனக்கு ஏனோ சுள்ளென்று கோபம் வந்தது. எதற்கு என்று கேட்டுவிட்டுக் குளத்தை நிறுத்தினேன்.

இரண்டு மாதம் கழித்து அத்தையைப் பார்க்கப் போனேன். மன்னிப்புக் கேட்கத்தான். கேட்டுவிட்டால் எனக்குத் தூக்கம் வரும் என்று நினைத்தேன், அவருக்கு என்ன வரும் என்று நினைக்கவில்லை. காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாமல் போனேன். அந்த வீட்டுக்கு எப்போதும் அப்படிப் போய்த்தான் பழக்கம்.

கதவைத் திறந்து, வா என்றார். முன்னறையில் பிரம்மா ஜன்னல் பக்கம் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்திருந்தார். திரும்பவில்லை. அவர் காலடிக் கூடையில் கடையில் வாங்கிய பிஸ்கட் உறைகள், ரொட்டி உறைகள், காகிதக் கோப்பைகள். கூட்டம் நடந்த நாளிலிருந்து மனைவி கையால் ஒரு வாய் தண்ணீர்கூட அவர் வாங்கவில்லை என்பதை அந்தக் கூடையே சொல்லிற்று. குளம் இருந்த அறை பூட்டியிருந்தது.

சமையலறையில் உட்கார்ந்தேன். மன்னித்துவிடுங்கள் அத்தை, கோபத்தில் வாய் தவறிவிட்டது என்றேன். வாய் தவறவில்லை என்பது இரண்டு பேருக்குமே தெரியும். அவர் தட்டை எடுத்து என் முன்னால் வைத்தார். ஒரு கரண்டி எடுத்து வைத்தார். பாத்திரத்தை மூடினார்.

நான் தின்றேன். நாலு வாயில் தீர்ந்துவிட்டது. தட்டை மறைக்கக் கையைத் தூக்கியிருந்தேன், பழக்கதோஷம். கை அப்படியே நின்றது. மூடியைத் திறக்கும் சத்தம் வரவில்லை. அந்த வீட்டில் நான் வாய்விட்டுக் கேட்டதே இல்லை, அன்றைக்குக் கேட்டேன். இன்னும் கொஞ்சம் அத்தை என்றேன்.

“பசிக்கு அது போதும்,” என்றார் அத்தை.

பிறகு இன்னொரு தட்டை எடுத்தார். பாத்திரத்தைத் திறந்தார். ஒன்று, இரண்டு, மூன்று. முன்னறைக்குக் கொண்டுபோய் நாற்காலிக்குப் பக்கத்தில் இருந்த சின்ன மேஜையில் வைத்துவிட்டு, சுவரோரம் நின்றார். பிரம்மா ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆவி அடங்கும்வரை அத்தை அங்கேயே நின்றார். பத்து நிமிடம் இருக்கும். நான் காலித் தட்டின் முன்னால் உட்கார்ந்திருந்தேன், எச்சில் கை காய்ந்துவிட்டது.

அவர் தட்டோடு திரும்பி வந்தார். வைத்தது வைத்தபடி இருந்தது. என் தட்டைத் தாண்டிப் போய், மூன்று கரண்டியையும் குப்பைக்கூடையில் கவிழ்த்துவிட்டு, தண்ணீரைத் திறந்துவிட்டுத் தேய்க்க ஆரம்பித்தார்.